நானூறு முதல் எண்ணூறு பாகை வரை

என் கணவரைப் பொலிஸ் நிலையத்தில் உட்கார வைத்தது என்னுடைய ஆராய்ச்சிதான். இதை இவ்வளவு நேராக நான் யாரிடமும் சொன்னதில்லை. யாராவது கேட்டால் "அது ஒரு சின்னக் குழப்பம்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். எழுதும்போதாவது நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

வட்டகொடைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் நான் விஞ்ஞான ஆசிரியை. அந்த வருடம் கண்டிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் பட்டப்பின்படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருந்தேன். கடைசிக் கட்டம் என்பது பெருமையாகச் சொல்லும் சொல். கொடுத்த காலம் முடிந்து, ஒரு தடவை நீட்டிப்பும் வாங்கி, அதுவும் முடியப் போகிற கட்டம். இன்னும் மூன்று மாதத்தில் ஆய்வறிக்கை கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகிவிடும். பல்கலைக்கழக அடையாள அட்டையின் காலம்கூட முடிந்திருந்தது. புதுப்பிக்க ஒரு நாள் லீவு போட்டுப் போக வேண்டும், அந்த லீவை ஆய்வுக்குத் தேவையான எக்ஸ்ரே இயந்திரத்துக்காகச் சேமித்து வைத்திருந்தேன்.

பேராசிரியர் கொடுத்த தலைப்பு டைட்டானியம் ஒக்சைட் பற்றியது. வெள்ளைப் பெயின்ட்டில் கலப்பார்களே, அந்தப் பொடி. அதில் நூறு டைட்டானியம் அணுவுக்கு ஒன்று இரண்டு என்ற கணக்கில் இரும்பு அணுவை வேண்டுமென்றே நுழைத்தால், வெயில் வெளிச்சத்தில் தண்ணீரிலுள்ள சாயத்தையும் மருந்து எச்சத்தையும் உடைக்கிற தன்மை கூடலாம். இப்படி நுழைப்பதை 'டோப்' செய்வது என்று லேபில் சொல்வோம். நுழைத்தால் மட்டும் போதாது. உலையில் வைத்துச் சுட வேண்டும். சுடாத பொடியில் அணுக்கள் ஒழுங்கில்லாமல் கிடக்கும். சூடு ஏற ஏற வரிசைக்கு வரும். முதலில் ஒருவித அடுக்கு, அதன் பெயர் அனடேஸ். இன்னும் சூடாக்கினால் நெருக்கமான வேறொரு அடுக்கு, அது ரூட்டைல். பொருள் ஒன்றுதான், நிறையும் மாறாது, உள்ளே நிற்கிற விதம் மட்டும் மாறும். இரும்பு சேர்ந்தால் அந்த மாற்றம் எந்தச் சூட்டில் தொடங்குகிறது, அனடேஸ் எவ்வளவு மிஞ்சுகிறது, இரும்பு உள்ளே தங்குகிறதா இல்லை வெளியே தள்ளப்படுகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. நானூறு பாகையில் தொடங்கி எண்ணூறு வரைக்கும் ஐந்து சூடு. ஒவ்வொரு சூட்டுக்கும் இரும்பு சேர்த்த பொடி ஒன்று, சேர்க்காதது ஒன்று. ஆக மொத்தம் பத்து.

பல்கலைக்கழகத்து உலையில் கம்பி எரிந்துபோய் மாதக்கணக்காக அப்படியே கிடந்தது. கொழும்புக்குக் கொண்டுபோக எனக்கு நாளில்லை. அப்போதுதான் என் கணவர் சொன்னார், ஹட்டனில் அவருக்குத் தெரிந்த நகைக்கடை முதலாளி ஒருவர் மோதிரம் வார்க்க மின்சார உலை வைத்திருக்கிறார் என்று. கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். காலையில் தோட்டத்துப் பிள்ளைகள் ஆறு பேரைப் பாடசாலைக்கு ஏற்றிப்போவது, பிறகு டவுனில் ஹயர் என்கிற வாடகை ஓட்டம். ஹட்டனில் அவருக்குத் தெரியாத கடை குறைவு.

முதலாளி முஸ்லிம் மனிதர், ஐம்பது வயதிருக்கும். எல்லாரும் போல நானும் அவரை, அண்ணன் என்ற பொருளில், நானா என்றே கூப்பிட்டேன். உலை கடையின் பின்னறையில் இருந்தது. மெழுகு அச்சைச் சுட்டு உருக்கி எடுக்க வைத்திருந்தார், ஆயிரம் பாகை வரை போகும், எத்தனை நிமிஷத்தில் எவ்வளவு ஏற வேண்டும் என்று பொத்தானில் கொடுக்கலாம். அதைப் பார்த்ததும் எனக்கு வாயெல்லாம் சிரிப்பு. அவருக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"டீச்சர், ஒங்கட பொடியில இருந்து புகை கிகை வந்து என்ட அச்சுல ஒட்டிச்சின்டா நகையெல்லாம் கறுத்துப் போகுமே."

"இதுல புகை வராது நானா. பொடியை மூசைக் கிண்ணத்துல போட்டு மூடித்தான் வைப்பேன்."

அவரிடம் அப்படிச் சொன்னேனே தவிர, எனக்கு நேர்மாறான பயம். அவருடைய மெழுகின் எச்சம் என் பொடியில் ஒட்டினால் என்ன செய்வது? முதல் ஞாயிற்றுக்கிழமை மூசை எதுவும் வைக்காமல் வெறும் உலையைத் தொள்ளாயிரத்துக்கு ஏற்றி எரிய விட்டேன். பேராசிரியரிடம் இரவல் வாங்கிய வெப்பமானிக் கம்பியை உள்ளே விட்டு, திரையில் காட்டுகிற சூடும் உண்மைச் சூடும் ஒன்றுதானா என்று சரிபார்த்தேன். அடுத்த ஞாயிறு நானூறு. அதற்கடுத்தது ஐந்நூறு. ஞாயிறு காலையில் இரண்டு மூசைகளையும் வைத்துவிட்டு, சூடு ஏறி, இரண்டு மணி நேரம் நிற்கும்வரை கடையிலேயே உட்கார்ந்திருப்பேன். ஆறியதும் திங்கட்கிழமை நானா எடுத்து அலமாரியில் பூட்டி வைப்பார்.

அந்த நேரமெல்லாம் நானா கேள்வி கேட்பார். "இது உருகாதா?" "அப்ப உள்ளுக்கு என்னதான் நடக்குது?" என் கணவர் ஆட்டோவைக் கடை முன்னால் நிறுத்திவிட்டு வாசலில் சாய்ந்து நிற்பார், போனைப் பார்த்துக்கொண்டு. எங்கள் பேச்சு அவர் காதில் விழுகிறதா என்று நான் யோசித்ததே இல்லை.

அறுநூறுக்கு வைத்த ஞாயிறு மழை. ஐந்நூற்று எழுபது வரை ஏறியபோது கரண்ட் போனது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. திரையில் எண் இல்லை, உலைக்குள் சூடு இறங்கிக்கொண்டிருக்கிறது, எவ்வளவு வேகமாக என்று தெரியாது. அரைமணி கழித்துக் கரண்ட் வந்து உலை தானாகவே மறுபடியும் ஏறத் தொடங்கியது. "வந்துட்டுதானே டீச்சர், அப்படியே விடுங்க" என்றார் நானா. விட முடியாது. இரண்டு தடவை ஏறி இறங்கிய பொடியை மற்றவற்றோடு ஒப்பிட முடியாது. அன்று வைத்ததைக் கொட்டிவிட்டு அடுத்த ஞாயிறு புதிதாக வைத்தேன். ஒரு வாரம் போனது. அந்த ஒரு வாரத்தை நான் மனதுக்குள் எத்தனை தடவை எண்ணியிருப்பேன் என்று சொல்ல முடியாது. வகுப்பில் பாடம் நடத்தும்போதும் கரும்பலகையின் மூலையில் மிச்சமிருக்கும் நாட்களே தெரிந்தன.

எண்ணூறும் முடிந்தது. எக்ஸ்ரே இயந்திரத்தில் எனக்குத் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு இடம் கிடைத்திருந்தது. அதை விட்டால் இரண்டு மாதத்துக்கு இடமில்லை. அதற்கு முந்தைய நாள், ஞாயிறு மதியம், பொடிகளை எடுத்துவர ஹட்டனுக்குப் போனோம். நான் கொண்டுபோன கண்ணாடிக் குப்பிகளின் மூடி சரியாக இறுகவில்லை. வெளியே தூறல், எங்கும் ஈரம். நானா தன்னிடமிருந்த புதுப் பைகளைக் கொடுத்தார். மோதிரம், கல் போட்டுக் கொடுக்கும் சின்ன பிளாஸ்டிக் பை, வாயை அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். பத்துப் பையில் பத்துப் பொடி. மார்க்கரால் எழுதினேன். இரும்பு சேர்க்காததற்கு ஒரு எழுத்து, சேர்த்ததற்கு 'டோப்டு' என்பதன் முதல் எழுத்து 'டி', பக்கத்தில் 400, 500, 600, 700, 800. சேர்க்காத பொடி பால் வெள்ளை. சேர்த்தது நானூறில் இளமஞ்சள், எண்ணூறில் வெளிறிய செங்கல் நிறம். எல்லாவற்றையும் ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் அடுக்கி ஆட்டோவின் பின்சீட்டுக்கு அடியில் வைத்தோம்.

அந்த டப்பாவை வேறொருவர் திறந்தால் எப்படித் தெரியும் என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஹட்டனுக்கும் வட்டகொடைக்கும் நடுவில் ஒரு வளைவில் பொலிஸ் மறித்தது. எந்த இடம் என்று எழுத விரும்பவில்லை. அவர்கள் தங்கள் வேலையைத்தான் செய்தார்கள். அந்த நாட்களில் போதைப்பொருள் தேடுதல் எல்லா ரோட்டிலும் நடந்துகொண்டிருந்தது. லைசன்ஸ், இன்சூரன்ஸ் பார்த்தார்கள். ஒரு இளம் கான்ஸ்டபிள் பின்சீட்டைத் தூக்கிப் பார்த்து டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு ஒரு பையை இரண்டு விரலால் தூக்கி, என் கணவரிடம் சிங்களத்தில் இது என்ன என்று கேட்டார்.

என் கணவர் சிங்களம் நன்றாகப் பேசுவார். ஆனால் அன்று பதறிவிட்டார். "குடு, சார்" என்றார்.

சிங்களத்தில் பொடிக்குக் குடு என்றுதான் பெயர். மிளகாய்ப் பொடி, மஞ்சள் பொடி எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்தான். ஆனால் முன்னால் எதுவும் சேர்க்காமல் வெறும் குடு என்று சொன்னால், இந்த நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அது ஹெரோயின். சொன்ன பிறகு அவருக்கே விளங்கி, "அந்தக் குடு இல்ல சார், லேப் குடு, மருந்து" என்று அவசரமாகத் திருத்தினார். மருந்து என்றது இன்னும் மோசம். கான்ஸ்டபிள் சார்ஜனைக் கூப்பிட்டார். சார்ஜன் பைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி எண்களைப் படித்தார்.

"நானூறு, ஐந்நூறு, அறுநூறு. விலையா?"

"இல்லை சார், அது சூடு" என்றேன் நான். சூடு என்றதும், ஹெரோயினைச் சூடாக்கி இழுப்பவர்களைப் பார்த்துப் பழகிய அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பொலிஸ் நிலையத்தில் எங்களைப் பிரித்தார்கள். அவரை உள்ளறைக்குக் கூட்டிப்போனார்கள். நான் முன்னால் மர வாங்கில் உட்கார்ந்தேன். ஒரு பெண் கான்ஸ்டபிள் என் கைப்பையைக் கொட்டிப் பார்த்தார். திருத்துவதற்காக வைத்திருந்த பத்தாம் வகுப்புப் பரீட்சைத் தாள்கள் மேசையில் சரிந்தன. அடையாள அட்டையைக் கேட்டார்கள், பல்கலைக்கழக அட்டையை எடுத்துக் கொடுத்த பிறகுதான் அதன் காலம் முடிந்திருந்தது நினைவுக்கு வந்தது. பெண் கான்ஸ்டபிள் அந்தத் திகதியை விரலால் தொட்டுக் காட்டினார்.

பொறுப்பதிகாரி கத்துகிற மனிதர் அல்ல. கத்தியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை என்றிருந்தது. அமைதியாக, நிதானமாக, ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டு கேட்டார். என் குறிப்புப் புத்தகத்தின் அட்டையில் ஆங்கிலத்தில் 'டோப்டு பொடிகள், வெப்பச் சிகிச்சை' என்று எழுதியிருந்தேன். அதில் முதல் சொல்லை அவர் இரண்டு தடவை வாசித்தார்.

"டோப் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்" என்றார் சிங்களத்தில்.

எனக்குப் பேச்சுச் சிங்களம் வரும். பால் வாங்க, பஸ் கேட்க, கல்வி அலுவலகத்தில் படிவம் நிரப்பப் போதும். அணு, படிகம், அடுக்கு என்பதற்கெல்லாம் என்னிடம் சிங்களச் சொல் இல்லை. ஒரு தாளை வாங்கி வட்டம் வட்டமாகப் போட்டேன். ஒரு பக்கம் கலைந்த வட்டங்கள், அடுத்த பக்கம் வரிசையில் நிற்கும் வட்டங்கள், நடுநடுவே கறுப்படித்த வட்டம் இரும்பு. சூடாக்கினால் இது இப்படி மாறும் என்று அம்புக்குறி போட்டேன். அவசரத்தில் வட்டமெல்லாம் முட்டை மாதிரி விழுந்தது. அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதை யார் உறுதிப்படுத்துவார்கள்?"

பேராசிரியருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். ஞாயிற்றுக்கிழமை, எங்காவது கல்யாண வீட்டில் இருப்பார். நானாவுக்குப் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். கடையில் சுவர்க்கடிகாரம் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"பொலிசா?" என்றார் கடைசியில். "டீச்சர், என்ட பையில போட்டுத்தானே குடுத்தன்."

"ஆமா நானா."

"என்ட உலையில வச்சுத்தானே சுட்டது."

"ஆமா."

அந்த மனிதர் கடை வைத்துப் பிழைப்பவர். அவர் பெயர் ஒரு பொலிஸ் புத்தகத்தில் ஏறினால் என்ன ஆகும் என்று அவர் நினைப்பது எனக்குக் கேட்டது போலவே இருந்தது. வராதீர்கள் என்று சொல்லிவிடலாமா என்றுகூட வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் "பாக்குறன்" என்று சொல்லி வைத்துவிட்டார். பாக்குறன் என்றால் வருவாரா, மாட்டாரா? எனக்குத் தெரியவில்லை.

அதற்கிடையில் சார்ஜன் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தார். பொடியில் ஒரு துளி மருந்தை விட்டால் நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் பெட்டி. நிறம் மாறாவிட்டால் நல்லது. மாறினால் பொடி கொழும்புக்குப் போகும், முடிவு வரும்வரை என் கணவர் நீதவான் முன்னால் நிற்க வேண்டும், வண்டி அவருடையது என்பதால் பொறுப்பும் அவருடையதுதான் என்று பொறுப்பதிகாரி விளக்கினார்.

மற்றவர்கள் என்றால் இந்த இடத்தில் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பார்கள். பொடியில் போதை இல்லை, பிறகென்ன பயம்? ஆனால் நான் இரசாயனம் படித்தவள். அந்தக் குப்பியில் என்ன திரவம் என்று எனக்குத் தெரியாது, அமிலம் இருக்கும் என்று மட்டும் ஊகித்தேன். எண்ணூறில் சுட்ட பொடியில் அமிலம் பட்டாலும் சுலபத்தில் ஒன்றும் கரையாது. நானூறில் சுட்டது அப்படியில்லை. அந்தச் சூட்டில் இரும்பு முழுவதும் உள்ளே போய் உட்கார்ந்திருக்காது. கொஞ்சம் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும், ஒரு துளி அமிலத்துக்கே கழன்று வரும். இரும்பு கரைந்தால் சில மருந்துகளோடு சேர்ந்து ரத்தச் சிவப்புக்கூடக் காட்டும். எந்தப் பையை அவர் எடுக்கப் போகிறார் என்று நான் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வெள்ளைப் பை ஒன்று. துளி விட்டார். ஒன்றுமில்லை. பிறகு 'டி 800'. செங்கல் நிறம் அப்படியே இருந்தது. மூன்றாவதாக 'டி 400'ஐ எடுத்தார். துளி விழுந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஓரத்தில் ஒரு மங்கல் மஞ்சள் பரவியது, தேத்தண்ணியைத் துணியில் சிந்தினது போல.

சார்ஜன் நிற அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அட்டையிலிருந்த எந்த நிறத்தோடும் அது சேரவில்லை. ஆனால் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

"மற்ற இரண்டிலும் வரவில்லை. இதில் மட்டும் ஏன்?" என்றார் பொறுப்பதிகாரி.

சொன்னேன். என்னால் முடிந்த சிங்களத்தில், வட்டம் போட்ட தாளை வைத்து. நானூறில் இரும்பு சரியாகப் பிடிக்கவில்லை, அதனால் வெளியே வருகிறது. அவர் தலையாட்டவில்லை. பேனாவை மூடிக்கொண்டு எழுந்து, என் கணவர் இருந்த அறைக்குப் போனார். கதவு முழுக்க மூடவில்லை.

அவர் கேள்வி என் காதில் விழுந்தது. "நானூறுக்கும் எண்ணூறுக்கும் என்ன வித்தியாசம்?"

ஆட்டோ ஓட்டுகிற மனிதரிடம் இதைக் கேட்டால் அவர் என்ன சொல்வார்? தெரியாது என்று சொன்னால் பொய் என்பார்கள். பயத்தில் விலை என்று ஒத்துக்கொண்டால்?

என் கணவர் சிங்களத்தில் சொன்னார்: "நானூறு வேகாதது சார். இரும்பு போட்டிருக்காங்க, ஆனா அது இன்னும் உள்ள போய்ப் பிடிக்கல. எண்ணூறு ரொம்ப வெந்தது. அதுல இரும்பு மறுபடி வெளிய தனியா வந்துடும்னு சொல்வாங்க. நடுவுல எதுவோ ஒண்ணுதான் நல்லா இருக்குமாம். எதுன்னு அவங்களுக்கே தெரியாது சார், அதைக் கண்டுபிடிக்கத்தான் நாளைக்குக் கண்டிக்குப் போறோம்."

"நீ பார்த்தாயா?"

"நான் வாசல்லதான் சார் நிப்பேன். அறுநூறு வச்ச அன்னிக்குக் கரண்ட் போச்சு. அதனால அதை மட்டும் ரெண்டு தடவ வச்சாங்க. எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை ஹயர் போச்சு."

பொறுப்பதிகாரி திரும்பி வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தார். "இந்தப் பத்தில் எதையாவது இரண்டு தடவை செய்ய வேண்டி வந்ததா?"

"அறுநூறு" என்றேன். "கரண்ட் போயிட்டுது."

அவர் என் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டி அந்த ஞாயிறின் பக்கத்தைக் கண்டுபிடித்தார். அங்கே நான் கோபத்தில் சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடு போட்டிருந்தேன். அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் நானா வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் கடையின் பதிவுப் பத்திரம், வியர்வையில் முகம் பளபளத்தது. பஸ்ஸில் வந்திருக்கிறார். எனக்கும் என் கணவருக்கும் சேர்த்து நானா சிங்களத்தில் பேசினார், கண்டியில் படித்த சிங்களம், கொஞ்சமும் தடுமாறவில்லை. கொஞ்ச நேரத்தில் பேராசிரியரும் திருப்பி அழைத்தார். போனைப் பொறுப்பதிகாரியிடம் கொடுத்தேன். அவர் கேட்டுக்கொண்டே ஒரு இடத்தில் என் வட்டங்களைப் பார்த்துத் தலையாட்டினார்.

விளக்குப் போடுகிற நேரத்துக்கு எங்களை விட்டார்கள். ஒவ்வொரு பையிலும் ஒரு சிட்டிகை எடுத்துக் கொழும்புக்கு அனுப்பக் கவரில் போட்டு முத்திரை வைத்துக்கொண்டார்கள், மிச்சத்தைத் திருப்பித் தந்தார்கள். சிட்டிகை எடுத்தவர்கள் பைகளைச் சரியாக மூடவில்லை. ஐந்நூறு இரண்டும் வாய் திறந்தபடி டப்பா மூடியில் சாய்ந்து ஒன்றோடொன்று கலந்துவிட்டன. வெள்ளையும் மஞ்சளும் பிரிக்க முடியாதபடி. அதைப் பற்றி வாயைத் திறக்க எனக்குத் துணிவில்லை.

நானாவை ஹட்டன் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். ஏறும்போது "உலை இருக்கு டீச்சர், எப்ப வேணுமோ வாங்க" என்றார். பிறகு படியில் நின்று, "பை மட்டும் இனி நீங்க கொண்டுவாங்க" என்றார்.

ஆட்டோவில் போகும்போது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"என்னங்க, என்னாலதானே எல்லாம்."

"விடு. நாளைக்கு எத்தனை மணிக்கு ட்ரெயின்?"

"நான் போகலிங்க. என்னால முடியாது."

"போகாம? அப்ப அங்க உட்கார்ந்திருந்தது எதுக்கு?" என்றார்.

திங்கட்கிழமை போனேன். எக்ஸ்ரே இயந்திரம் பொடியில் கதிரைப் பாய்ச்சும். அணுக்கள் எந்த ஒழுங்கில் நிற்கின்றனவோ அதற்கேற்ற கோணங்களில் கோடு உயரும். அனடேஸுக்கு ஒரு இடம், ரூட்டைலுக்கு வேறு இடம். இரும்பு சேர்த்த அறுநூறு ஏறியபோது நான் திரைக்கு முன்னால் நின்றேன். அனடேஸ் கோடு வந்தது. கூடவே ரூட்டைல் கோடும் வந்தது, நான் நினைத்ததைவிட உயரமாக.

"இவ்வளவு சீக்கிரமா?" என்றார் பேராசிரியர். "உலையில் ஏதாவது ஒட்டியிருக்குமோ? மெழுகு, செம்பு?"

ஐந்நூறு கலந்துவிட்டது என்று வேறு இன்னும் அவரிடம் சொல்லவில்லை. அடுத்தது, அதே ஞாயிறு அதே உலையில் பக்கத்து மூசையில் சுட்ட, இரும்பு சேர்க்காத அறுநூறு. அந்தக் கோடு மெல்ல மெல்ல வரையப்பட்ட இருபது நிமிஷமும் நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அனடேஸ் மட்டும்தான் வந்தது. ரூட்டைலின் இடம் வெறுமையாக இருந்தது. உலையின் அழுக்கு காரணம் என்றால் இரண்டிலும் வந்திருக்க வேண்டும். ஆக அது இரும்பின் வேலைதான். எண்ணூறில், கணவர் சொன்ன மாதிரியே, இரும்பு தனி ஒக்சைடாகப் பிரிந்து வந்து சின்னதாக ஒரு கோடு காட்டியது. பேராசிரியர் முதுகில் தட்டாத குறைதான். ஐந்நூறை மறுபடி சுட்டுக்கொண்டு வரச் சொல்லி, வேறொருவரின் நேரத்துக்கு நடுவில் எனக்கு இடம் பிடித்துத் தந்தார். ஆய்வறிக்கையைக் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னால் கொடுத்தேன். பட்டம் கிடைத்தது. பல மாதம் கழித்து, பொடியில் தடைசெய்யப்பட்ட எதுவும் இல்லை என்று கொழும்பிலிருந்து வந்த அறிக்கையின் பிரதியையும் பொலிசில் தந்தார்கள்.

ஆனால் அந்த அறிக்கை வருவதற்குள் தோட்டத்தில் வேறொரு கதை சுற்றி முடிந்திருந்தது. ஆட்டோக்காரர் குடுவோடு பிடிபட்டார் என்பதுதான் கதை. விட்டுவிட்டார்கள் என்பது கதையில் இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில் ஆறு பிள்ளைகளில் நான்கு பேர்தான் ஏறினார்கள். கணவர் வீட்டுக்கு வந்து ஆட்டோவைக் கழுவினார். நான் அந்த இரண்டு வீட்டுக்கும் போனேன். முதல் வீட்டில் பிள்ளையின் அப்பா என்னை உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டுச் சிரித்துவிட்டு, அடுத்த நாளே பிள்ளையை அனுப்பினார்.

இரண்டாவது வீடு மேல் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்று. அந்த அம்மா மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து கூடையை இறக்கி வைத்துவிட்டு, கை காலை அலம்பிக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார். பல்கலைக்கழகக் கடிதத்தைக் காட்டினேன். அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார், கடிதத்தை வாங்கவில்லை.

"நீங்க சொல்றது நெசமாத்தான் இருக்கும் டீச்சர். ஒங்க வீட்டுக்காரரும் நல்ல மனுசருதான், நான் இல்லேங்கல. ஆனா என் தம்பி இந்தக் குடுவுலதான் போனான். அவன் கூட்டாளியும் நல்ல மனுசன்னுதான் நாங்க எல்லாரும் சொன்னோம்." கூடையைச் சுவரோரம் தள்ளி வைத்து, "எனக்கு மனசு ஒப்பல. கோவிச்சுக்காதீங்க" என்றார்.

என் கையிலிருந்த தாளில் ஒரு பொடியைப் பற்றித்தான் எழுதியிருந்தது. அவர் தம்பியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. தேத்தண்ணி குடிக்கச் சொன்னார், குடித்துவிட்டு வந்தேன்.

அந்த அம்மா இப்போதும், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன்பே மகளைக் கையைப் பிடித்து நடத்திக் கொண்டுபோய்ப் பாடசாலையில் விடுகிறார். மழை நாளில் ஒரே குடைக்குள் இரண்டு பேரும் ரோட்டோரம் போவார்கள். என் கணவர் அவர்கள் மேல் சேறு தெறிக்காதபடி வண்டியை மெதுவாக்கி விலக்கி ஓட்டுவார். அவர் வணக்கம் சொல்வார், அந்த அம்மாவும் சொல்வார். நானும் பின்சீட்டிலிருந்து சொல்வேன்.